பூ ஒட்டிய கண்ணாடிக் கதவு

அடுப்படி அலமாரிக்குக் கதவு போட வேண்டும் என்று அம்மா சொன்னபோது, அதற்கு அவள் சொன்ன காரணத்தை யாரும் நம்பவில்லை. தூசி விழுகிறது என்றாள். எங்கள் வீடு அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டோரம். ஆடிக் காற்றில் கரிசல் மண் சோற்றுத் தட்டு வரை வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பறக்கிற தூசி இப்போது மட்டும் ஏன் உறுத்துகிறது என்று அத்தை கேட்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தாள், பெரும்பாலும் எங்கள் வீட்டில் இருந்தாள்.

அலமாரி என்பது சுவரில் பதித்த கடப்பாக்கல் தட்டுகள்தான். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அதற்குக் கதவு கிடையாது. கல்யாணச் சீராக வந்த பித்தளையும் எவர்சில்வரும், பேர் வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி அதில் வரிசையாக நிற்கும். பெண் கேட்டு வருகிறவர்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுப்படியை எட்டிப் பார்த்து, வீட்டை எடை போட்டுவிடுவார்கள். நிறைந்த அலமாரியை ஒருத்தி மூடுகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது, அல்லது ஏதோ இல்லை.

தச்சாசாரி வந்து அளந்து, பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் ஒரு தொகை சொன்னார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். அப்பா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். சாயம் போகுமா என்று கேட்டால், போகும் என்று சொல்லிவிடுகிற மனிதர். அதனாலேயே முதலாளி அவரைப் பட்டுச்சேலைப் பக்கமிருந்து வேட்டிப் பக்கம் மாற்றியிருந்தார். அந்தச் சமயத்தில் கடையைப் புதுப்பித்தார்கள். பழைய ஷோகேஸின் கண்ணாடிக் கதவுகளைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அப்பா லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். சட்டத்தைக் கொஞ்சம் இழைத்தால் அளவு பொருந்தும், கீலும் காந்தமும் மட்டும் வாங்கினால் போதும் என்றார்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. கண்ணாடி உடையும் என்றாள். பிள்ளைகள் கையைக் கிழித்துக்கொள்ளும் என்றாள். பழைய தகரம் கிடைக்குமா, கட் அவுட்டுக்கு அடித்த பலகை கிடைக்குமா என்று விசாரித்தாள்.

“ஓசியில வந்தத வேண்டாங்கிறா. காசு குடுத்துத் தகரம் வாங்கணுங்கிறா” என்று அப்பா என்னிடம் சொன்னார். எனக்கும் சந்தேகமாகத்தான் இருந்தது. நான் அப்போது நாலாம் வகுப்பு.

கண்ணாடிக் கதவே மாட்டப்பட்டது. மறுநாள் அம்மா ஃபேன்சி ஸ்டோரிலிருந்து ரோஜாப்பூ போட்ட ஸ்டிக்கர் ரோல் வாங்கி வந்து, கண்ணாடியின் உள்பக்கம் முழுவதும் ஒட்டினாள். என் ஸ்கேலை வாங்கி, காற்றுக் குமிழ் ஒன்றுகூட இல்லாமல் தள்ளித் தள்ளி ஒட்டினாள். ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி தெரிந்ததற்கும் தனியாக ஒரு துண்டு வெட்டினாள்.

அத்தை வந்து பார்த்தாள். “கண்ணாடியப் போட்டு அதுல பூவ ஒட்டி மறைச்சவ இந்த ஊர்ல நீ ஒருத்தியாத்தான் இருப்ப.”

“அழகா இருக்கட்டும்னுதான் மதினி.”

“அழகாத்தான் இருக்கு. உள்ள என்ன இருக்கு?”

முறுக்கு இருக்கிறது என்று நான் முடிவு செய்திருந்தேன். அம்மா துணி துவைக்கப் போன நேரத்தில் கதவைத் திறந்தேன். முறுக்கு இல்லை. பெரிய தாம்பாளங்கள் இருந்த தட்டில் ஒன்றுமே இல்லை. அடுத்த தட்டில், ஐந்தாறு டப்பாக்கள் இடம் நிரப்புவதற்காகத் தள்ளித் தள்ளி நின்றன. வீட்டுக்குள் திருடன் வந்து போகிறான் என்று நினைத்தேன். அதை அம்மாவிடம் சொல்லவும் பயமாக இருந்தது, ஏனென்றால் வெள்ளிக்கிழமை தோறும் கோவிலுக்கு என்று அம்மா எடுத்துப்போகும் கட்டைப்பை போகும்போது கனமாகவும் வரும்போது மடித்தும் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை என்னையும் கூட்டிப்போனாள். கோவிலுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் வயிற்றுப்பிள்ளையோடு ஒருத்தி காத்திருந்தாள். பை கை மாறியது. அந்தப் பெண் என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, காரியாபட்டி வழியாக மதுரை போகிற பஸ்ஸில் ஏறிப்போனாள். தெரிந்த அக்கா என்றாள் அம்மா.

அவள் என் சித்தி, அம்மாவின் கூடப் பிறந்தவள். வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். தாய்வீட்டில் அவளுக்கு ஒரு டம்ளர்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் அவள் பேச்சே எழக் கூடாது. அத்தை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஓடிப்போனவளோடு நமக்குப் போக்குவரத்து இருக்கிறது என்று தெரிந்தால் வருகிற சம்பந்தம் தட்டிப்போகும், அப்படி நடந்தால் தம்பி வீடும் வேண்டாம், தம்பியும் வேண்டாம் என்று அத்தை சொல்லியிருந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயதார்த்தத்துக்குத் தட்டு வைக்கத் தாம்பாளம் கேட்டு அத்தை வந்தாள். அப்பாவும் வீட்டில் இருந்தார். புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்து அனுப்புகிறேன் என்றாள் அம்மா.

“நான் தேச்சுக்கிருதேன். நீ கதவத் தொற.”

அம்மா அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றாள். நகரவில்லை. அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அலமாரிப் பக்கம் போனார். அம்மாவைத் தோளைப் பிடித்து ஒதுக்கினார். தன் தலை நுழைகிற அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடினார். காந்தம் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“ஈயம் பூசக் குடுத்திருக்குக்கா. நாந்தான் கொண்டு போனேன். மறந்துட்டேன்.”

“தாம்பாளத்துக்கு எவன்யா ஈயம் பூசுறது?”

அப்பாவின் காது சிவந்துவிட்டது. வாடகைப் பாத்திரம் எடுத்துத் தருகிறேன் என்றார். அத்தை அவரையும் ரோஜாப்பூவையும் மாறி மாறிப் பார்த்தாள். நீ பொய் சொல்ல மாட்டேன்னு இந்த ஊரே சொல்லுது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டை வரும் என்று காத்திருந்தேன். அப்பா அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார்: “எப்படி இருக்கா?”

“ஏழு மாசம். வளையல் போட ஆளில்ல.”

அடுத்த வெள்ளிக்கிழமை பையை அப்பா தூக்கினார். உள்ளே வளையல் டப்பாவும் இருந்தது. அம்மா வரவில்லை, அவள் தெருவைத் தாண்டுவதை அத்தை கவனித்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டில் அப்பா பையை சிமெண்ட் பெஞ்சில் வைத்து என்னை அதன் பக்கத்தில் உட்காரவைத்தார். அவர் மட்டும் தள்ளிப் போய், சுவரொட்டிகளைப் பார்த்தபடி நின்றுகொண்டார். சித்தி வந்தாள். பையை எடுத்தாள். அவர் முதுகைப் பார்த்து, “அத்தான்” என்றாள். இன்னொரு தரமும் கூப்பிட்டாள். அப்பா திரும்பவில்லை. நான் ஓடிப்போய் சட்டையை இழுத்து, அந்த அக்கா உங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்றேன். “பஸ்ஸு வந்துருச்சான்னு பாரு” என்றார், சுவரைப் பார்த்தபடியே. பஸ் புறப்பட்டுப் போகும்வரை அப்படியே நின்றார். இவ்வளவு மரியாதை கெட்ட மனிதரா என்று அன்று முழுவதும் நான் அவரோடு பேசவில்லை.

நிச்சயம் முடிந்து அத்தை வீட்டுக்கு வந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அந்த ஓடுகாலிய எங்கயாச்சும் பாத்தியாய்யா?”

அப்பா அவள் கண்ணை நேராகப் பார்த்தார். “பாக்கலக்கா” என்றார். இந்தத் தடவை அவர் காது சிவக்கவே இல்லை. கூப்பிடு தூரத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு, அதை இத்தனை நிம்மதியாகச் சொல்கிறாரே என்று எனக்கு அவர் மேல் இன்னும் கோபம்தான் வந்தது.