தெரியும் என்று சொல்லாத காலை

பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டு வேலைக்காக ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். இவருக்காக 'வவுச்' பண்ணுவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. வவுச்சர் தெரியும், எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். இந்த வினைச்சொல்லை மட்டும், முப்பது வருஷம் ஆங்கிலம் படிப்பித்த நான், அகராதியில் தேடினேன். ஒருவரை நம்பலாம் என்று பொறுப்பேற்றுச் சொல்வதாம். லத்தீன் வேர் 'கூப்பிடுதல்'. நீதிமன்ற வழக்கில் நமக்காகப் பேச ஆளைக் கூப்பிட்டதிலிருந்து வந்த சொல்.

கூப்பிடுதல் என்றதும் செல்வத்தின் குரல்தான் கேட்டது.

தொண்ணூறுகளில், இலங்கையில் கஹவத்தைப் பக்கம் என் முதல் வேலை. சொந்த வீடு தூரத்தில், தெரணியகலையில். தங்கியது ஒரு ரப்பர் தோட்டத்தில், பள்ளிக்கூடம் அடுத்த தோட்டத்தில். ரப்பர் ஷீட் புகையின் வாடை தலையணை வரை வரும். பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த செல்வத்துக்கு டவுன் தையல்கடையில் வேலை. காலையில் ரோட்டிலிருந்து கத்துவான்: "சேர், பஸ்ஸு வருதுங்க! ஓடியாங்க!" பாதி சவரத்தோடு ஓடியதும் உண்டு. சாப்பாட்டுப் பார்சலை வைத்து எனக்கு சீட் பிடித்திருப்பான்.

யுத்த காலம். ஒருநாள் சோதனைச்சாவடியில் எல்லாரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். செல்வம் அடையாள அட்டையை முந்தின நாள் சட்டையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். என்னைக் காட்டி, "அந்த சேருக்கு என்னைத் தெரியும்" என்று சிங்களத்தில் சொன்னான்.

அதிகாரி திரும்பினார். "மேயாவ தன்னவத?" இவரைத் தெரியுமா?

"தெகல தியெனவா" என்றேன். பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். அவன் அம்மா சுட்ட ரொட்டியை ஒரு வருஷமாகத் தின்ற வாய் அது. பயம், வேறொன்றுமில்லை. அவனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பஸ் அவனை விட்டுவிட்டுப் புறப்பட்டது. என் பக்கத்து சீட்டில் அவன் பார்சல் மட்டும் வந்தது.

மூன்றாம் நாள்தான் வந்தான். தோட்டத்துக்குப் பாண், பேக்கரி ரொட்டி, கொண்டுவரும் சிங்களவர் கேள்விப்பட்டு அங்கே போய், "அப்பே மினிஹெக்", எங்கள் ஆள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாராம்.

லயத்துக்குப் போனேன். அவன் வாசலில் நின்றேன்.

"பரவால்லைங்க சேர். உங்களுக்கும் பயந்தானே" என்றான். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. பஸ்ஸில் முன்னால் உட்காருவான், நான் பின்னால். பல நாள் பஸ்ஸைத் தவறவிட்டு, ரப்பர் மரங்களுக்கிடையே தனியாக நடந்தேன். அடுத்த வருஷம் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது அந்தச் சாவடி இல்லை, லயத்தையும் இடித்துவிட்டார்கள். செல்வம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. மாணவியின் படிவத்தில், 'ஆம், இவரை எனக்கு நன்றாகத் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.