தோஸ்கானா மாதாவின் கைகள்

பல்லரோ சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பையை நீட்டியபடி கடைக்காரர் சொன்னார்: "தெரியுமே? வதனி மோசம் போயிட்டா. விடிய வேலைக்குப் போகேக்கை, பஸ்ஸிலை. நெஞ்சுவலி. உயிர் போயிட்டுது."

அவரை நினைக்கக் கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவர் லிபெர்த்தா தெருவில் ஒரு வயதான இத்தாலிய சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டவர். எனக்கு, போன குளிர்காலத்தில் அருங்காட்சியகத்தில் தரை துடைத்தவர். ரோமனெஸ்க் காலத்து, எண்ணூறு வருடம் பழைய மரச்சிற்பங்களைப் பல ஊர்களிலிருந்தும் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் கலை வரலாறு படித்தவள், கூடத்தில் காவல்.

எந்தச் சிற்பம் எந்தப் பிரதேசம் என்று முகத்தையும் உடை மடிப்பையும் வைத்துச் சொல்வேன். அவர் சிற்பங்களுக்குப் பின்னால் துடைப்பவர்.

"இவவுக்கு மட்டும் ஏன் முதுகு இருக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

அவர் காட்டியது பிரான்சின் ஓவர்ன் பகுதி மாதா. முதுகிலும் மடிப்புகள். பக்கத்தில் கட்டலோனிய மாதா. பின்னால் வெறும் குடைவு. மரம் வெடிக்காமலிருக்கக் குடைவார்கள் என்றேன்.

"அது சரி. ஆனா இவ எழுந்தருளி. வீதி சுத்தத் தோளிலை காவியிருப்பினம். மற்றவ சுவரோடை இருக்கிறவ, ஆர் முதுகு பாக்கிறது?" பிறகு சிரித்தார். "யூனிவேர்சிற்றியிலை ஒருக்காலும் சுத்திக் கும்பிடேல்லையோ நீர்?"

ஓவர்ன் மாதாக்களை ஊர்வலத்தில் கொண்டுபோவார்கள் என்று நான் படித்துத்தான் இருந்தேன். முதுகைப் பார்க்கவில்லை.

தோஸ்கானாவிலிருந்து வந்த மாதா தனியாக நின்றார். மகனைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சியில் ஓர் உருவம். மற்றவை தொலைந்துவிட்டன. தூக்கிய இரண்டு கைகள். நடுவில் ஒன்றுமில்லை. பார்க்க வந்தவர்கள் பிரார்த்தனை என்றார்கள்.

"கும்பிடுற கையில்லை இது," என்றார் வதனி அக்கா. "வாங்கிற கை."

ஆறு வயதில் வவுனியாவில் தன் தங்கையிடம் விட்டுவந்த மகள் அபிக்கு இப்போது பதினேழு. அவளை இங்கே கூப்பிட, குடிவரவுக் காகிதங்களோடு அவர் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்துக்கு நடந்த காலைகள் உங்களுக்குத் தெரியும்.

"முகத்தை ஒவ்வொரு நாளும் போனிலை பாக்கிறன். கைதான் தெரியாது. எயர்போட்டிலை பிடிச்சா, எனக்கு அந்தச் சின்னக் கைதான் நினைவு வரும்."

அபிக்குக் கடைசிவரை விசா வரவில்லை.

இறுதிச் சடங்கில், அபி வவுனியாவிலிருந்து பார்க்கப் போனை நான் பிடித்திருந்தேன். அபி அழவில்லை. "அக்கா, அம்மான்ர கையைக் காட்டுங்கோ."

காட்டினேன். அவள் தன் கையை நீட்டினாள், திரை நிறைய.

சிற்பங்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிவிட்டன. இப்போது எந்தச் சிற்பத்தையும் ஒருமுறை சுற்றிவந்த பிறகே முகம் பார்க்கிறேன். அது அவர் தந்தது. இன்னொன்று அவருக்காக வைத்திருக்கிறேன். அபிக்கு நீள விரல்கள். நடுவிரலில் பேனா மை. உங்கள் கையைவிடப் பெரிது, வதனி அக்கா.