வெள்ளிக்கிழமை கழற்றிய கம்பி

செம்புக் கம்பித் தொலைபேசிகளை ஒழித்துவிட்டு வீட்டுக்கு வீடு கண்ணாடி இழைக் கம்பி இழுப்பது என்று தொலைபேசி நிறுவனம் முடிவெடுத்தது. அந்த வேலையைக் குத்தகைக்கு எடுத்தவரிடமிருந்து மறுபடியும் குத்தகைக்கு எடுத்த ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். இன்னும் அங்கேதான் பார்க்கிறேன். இணையம், தொலைபேசி, தொலைக்காட்சி மூன்றும் ஒரே கம்பியில் வரும் என்று சொல்லி விளம்பரப் பலகைகளில் ஒரு குடும்பம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஏணி, கம்பிச் சுருள், ஓட்டை வேன், நொடிக்கொரு தரம் அலறும் கைத்தொலைபேசி, இவ்வளவுதான் நான் கண்ட தொழில்நுட்பம்.

பெம்பான் என்ற ஊருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம். வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. பள்ளமான இடம் என்பதால் கைத்தொலைபேசியில் லைன் கிடைக்காது. பேச வேண்டுமென்றால் மேட்டிலிருக்கும் கோயில் வரை ஏற வேண்டும். கடைசி வரிசையில் ஒரே ஒரு வீட்டில் பழைய தொலைபேசி இருந்தது. லோரி ஓட்டி ஓய்வுபெற்றவரும் அவர் மனைவியும் அங்கே இருந்தார்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சுவலி வந்திருக்கிறது. அந்தத் தொலைபேசியில் ஆம்புலன்சைக் கூப்பிட்டதால்தான் பிழைத்தார்.

"இது இல்லனா நான் அன்னைக்கே போயிருப்பேன் தம்பி," என்று தொலைபேசியைத் தட்டிக் காட்டினார். "புதுசு வந்தாலும் இந்த நம்பர மாத்திராதீங்க."

"அதே நம்பர்தாண்ணே. இன்னைக்கே வந்துரும்," என்றேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பழைய கம்பி போகும் சுவர் ஓட்டை வழியாகவே புதியதையும் இழுக்க வேண்டும் என்பதால், முதலில் பழையதைக் கழற்றிவிடுவோம். நானும் கம்பத்தில் ஏறி வெட்டி, சுருட்டி, வேனில் போட்டேன். புதிய சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தபோது அண்ணனின் மனைவி, அந்த அக்கா, உள்ளிருந்து ஓடிவந்தார்.

"தம்பி, மணி பத்தர ஆயிருச்சு. ராகு காலம். இப்பப் புதுக் கம்பி ஒன்னும் பூட்டாதீங்கலா. பன்னெண்டுக்கு மேல பூட்டுங்க."

"ராகு என்னா, கம்பி வழியாவா வரப்போறாரு?" என்று சிரித்தார் கணவர்.

"நீங்க சும்மா இருங்க. ஒரு தடவ பட்டது பத்தாதா?"

ஏணியில் ஒரு மலாய்க்காரர் நின்றிருந்தால் அக்கா கேட்டே இருக்க மாட்டார். நான் நம் ஆள். என் அம்மா ராகு காலத்தில் புதுச் சோப்பைக்கூடப் பிரிக்க விடமாட்டார். அதனால் எனக்கு எரிச்சல் வரவில்லை. சொல்லப்போனால் அந்த உரிமை பிடித்திருந்தது.

"சரிக்கா. அதுக்குள்ள வேற வேலைய முடிச்சிட்டு வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பழைய கம்பியைத் தற்காலிகமாக இணைத்துவிட்டுப் போக ஐந்து நிமிடம் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மேட்டுக்கு வந்ததும் கைத்தொலைபேசி அலறியது. தொலைவிலிருக்கும் சிம்பாங் அம்பாட்டில் ஒரு வாடிக்கையாளருக்கு இணையம் அறுந்துவிட்டது, சாயந்தரம் டிவியில் பந்தாட்டம் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், சத்தம் போடுகிறார், உடனே போ என்றார் மேற்பார்வையாளர். போனேன். அதை முடிப்பதற்குள் பக்கத்திலேயே இன்னொரு வீடு. பன்னிரண்டு மணி எப்போதோ தாண்டிவிட்டது. மூன்று மணிக்குமேல் மழை பிடித்துக்கொண்டது. மறுபடி பெம்பான் வரை போக எனக்கு அலுப்பாக இருந்தது. அலுப்புதான், வேறொன்றுமில்லை. மழை விட்டதும் போயிருக்கலாம்.

வேலை முடியாவிட்டால் செயலியில் காரணம் பதிய வேண்டும். பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டால் போதும். 'வாடிக்கையாளர் வேறு நேரம் கேட்டார்' என்பதைத் தொட்டேன். அது தானாகவே திங்கட்கிழமை என்று போட்டுக்கொண்டது. அவர்களிடம் சொல்லலாம் என்றால் அந்த வீட்டுத் தொலைபேசிக் கம்பி என் வேனில் கிடந்தது.

திங்கட்கிழமை காலை போனபோது வாசலில் நெகிழி நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. சனிக்கிழமை காலை அண்ணனுக்கு மறுபடி நெஞ்சுவலி வந்திருக்கிறது. அக்கா கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஓடி, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, திரும்பி ஓடிவந்திருக்கிறார். அண்ணன் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தாராம். கம்பியில்லாத அந்தப் பழைய தொலைபேசி கையில் இருந்ததாம். வண்டி வந்தபோது உயிர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டார்கள்.

அக்காவின் தம்பி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "நீதான் கம்பிய அறுத்துட்டுப் போனவனா? ராத்திரி முழுக்க போன் இல்லாம ஒரு நோயாளி வீட்ட விட்டுட்டுப் போயிருக்க. ஒங்க ஆபிசுல கேட்டா நாங்கதான் வேற நேரம் கேட்டோமாம்."

எனக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அவர ஏசாத. அவரு பூட்டத்தான் வந்தாரு. நாந்தான் ராகு காலம்னு நிறுத்தி வச்சேன்."

அக்காவின் தம்பி திரும்பிப் போய் உட்கார்ந்தார். நாற்காலிகளில் இருந்த பெண்கள் அக்காவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். உங்கள் ராகு காலம் பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிட்டது, நான் வந்தது மூன்று நாள் கழித்து, என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் பார்வைகள் என் பக்கம் திரும்பியிருக்கும். வேலை போயிருக்கும். நான் ஏணியை எடுத்துக் கம்பத்தில் சாத்தினேன்.

அரை மணி நேரத்தில் கம்பி பூட்டியாயிற்று. அதே எண். சோதனைக்காக என் கைத்தொலைபேசிக்கு அழைக்க முடியாத இடம் என்பதால் அக்காவையே யாருக்காவது பேசிப் பார்க்கச் சொன்னேன். அவர் ரிசீவரைக் காதில் வைத்தார், சத்தம் கேட்டதும் யாரையும் அழைக்காமல் திரும்ப வைத்தார்.

வேன் வரை கூடவே வந்தார். கண் வீங்கியிருந்தது.

"என்னால ஒங்களுக்குக் கெட்ட பேரு தம்பி. மனசுல வச்சிக்காதீங்க. மன்னிச்சிருங்க."

"பரவாயில்லக்கா," என்றேன்.