பளபளக்கும் பக்கம்

பெரம்பலூர் வீட்டில் பழுதாகிக் கிடந்த பழைய கணினியை, எழுதுவதற்கு நான் வைத்துக்கொள்ளலாம் என்று கணவர் விட்டுக்கொடுத்திருந்தார். அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவுவதற்காகத் தோழி ஒருத்தி அதை டிவிடியில் பதிந்து தந்தாள். ஒவ்வொரு முறையும் நிறுவல் பாதியிலேயே நின்றது. கேபிள்களைக் கழற்றி மாட்டினேன். மெமரியைத் துடைத்துச் செருகினேன்.

"பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுகிட்ட மல்லுக்கட்டுற," என்று கணவர் சிரித்தார்.

கடைசியில் டிவிடியையே சோதித்தபோது, பிழை அதில்தான் என்று திரை சொன்னது. எடுத்துத் திருப்பினேன். பளபளக்கும் பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. ஆயுத பூஜையன்று கணினிக்கும் டிவிடிக்கும் சேர்த்து மாமியார் வைத்தது.

"எழுதியிருக்கிற பக்கம் முதுகுன்னு நெனச்சேம்மா. பளபளன்னு இருக்கிறதுதானே மொகம்?" என்றார் மாமியார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

ஈரத்துணியால் பொட்டை மெல்லத் துடைத்தெடுத்தேன். அன்று மாலையே லினக்ஸ் ஏறியது. தமிழில் தட்டச்சு செய்த முதல் பத்தியைக் கணவரிடம் காட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை.

"நல்லாத்தான் ஓடுது. அரியலூர்ல தங்கச்சி மக காலேஜுக்குக் கம்ப்யூட்டர் கேட்டுக்கிட்டே இருக்கா. குடுத்துடுவோம். ஒனக்கு நோட்டு போதும்ல?"

பழுதாக இருந்தவரைதான் அது என்னுடையது என்பது அப்போது விளங்கியது. கொடுத்தனுப்பும் முன் அந்தப் பத்தியை மட்டும் அழித்தேன்.