அப்பாவின் இலைக்கு ஒரு ஜோர்ஜியா இனிப்பு

அப்பா செத்து முப்பத்தோராம் நாள். செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படையல் இலையில் இருக்க வேண்டும் என்றார்கள். அம்மா வடை, மோதகம், பாயாசம் வைத்தா. அப்பாவுக்கு உண்மையிலேயே உயிரான சாமான் எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

அது அவருடைய காருக்குள் இருந்தது. ஒன்றே ஒன்று. இங்கே கனடாவில், பிக்கரிங் வெயர்ஹவுஸில் அவரோடு வேலை செய்த ஜோர்ஜியா நாட்டுக்காரர் கொடுத்தது. வோல்நட் கொட்டைகளை நூலில் கோர்த்து, மாப்போட்டுக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் திரும்பத் திரும்பத் தோய்த்துக் காயப்போடுவார்களாம். அப்பாவுக்குச் சீனி வருத்தம்; இனிப்பு ஆகாது. அதனால் களவாகத்தான் தின்பார். "கொம்மாட்டச் சொல்லிப்போடாதை" என்று எனக்கும் பாதி தருவார்.

நான் அதை இலையில் வைத்தேன்.

"எடியே, மரக்கறிப் படையலுக்கை சொசேஜை வைக்கிறாய்!" பெரியம்மா கத்தினா.

"சொசேஜ் இல்லைப் பெரியம்மா, இனிப்பு."

"இனிப்புக்கு ஏன் நூல்? உது மெழுகுதிரி" என்றார் பெரியப்பா. மெழுகுதிரி என்றால் வேதக்காரருக்குத்தானே தெரியும் என்று, வந்திருந்த பக்கத்து வீட்டு மன்னார் அங்கிளைக் கூப்பிட்டார்.

அங்கிள் பாவம், மணந்து பார்த்தார். "எங்கட மாதா கோயில்ல இவ்வளவு கறுப்பா இல்லை. ஆனா திரி இருக்குத்தானே" என்றவர், நான் குசினியில் தண்ணீர் எடுக்கப் போன நேரம் மரியாதையாகக் கொளுத்திவிட்டார்.

சீனி கருகி வீடெல்லாம் புகை. அலாரம் அலறியது. பெரியப்பா துவாயால் விசிறினார். நான் பாய்ந்து ஊதி அணைத்தேன்.

"அது அப்பான்ர சாப்பாடு! களவாத் திண்டவர்! கடைசி ஒண்டு!"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா நூலைப் பார்த்தா.

"உடுப்புத் தோய்க்கேக்கை பொக்கற்றுக்குள்ள எவ்வளவு நூல் எடுத்திருப்பன்! தையல் வேலைக்கும் போறாராக்கும் எண்டு நினைச்சன்." கருகின நுனியை வெட்டி என்னிடம் நீட்டினா. "நூலை உருவிப்போட்டு வை. அந்த மனுசன் அவசரத்தில நூலையும் விழுங்கும்."

நூல் வரவில்லை. சொசேஜ் என்ற பெரியம்மாவே மற்றப் பக்கம் இறுக்கிப் பிடித்தா. இழுத்த இழுவையில் அது உடைந்து, ஒரு கொட்டை பாயாசத்துக்குள் விழுந்தது. எடுக்கப் போன என் கையை அம்மா தட்டிவிட்டா.

"கிடக்கட்டும். அவருக்கு இனி என்ன, சீனி ஏறவா போகுது?"