காட்டுக்கு வண்டி கேட்ட தெய்வானை

தெய்வானை அவர்களின் மருமகள் மல்லிகா காலையில் தொலைபேசியில் அழைத்து, "பெரீம்மா, அத்தை தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றபோது, என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் "அப்பாடா". சாவுச் செய்தியைக் கேட்டுச் சொல்லக்கூடிய சொல்லா இது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. மறுமுனையில் மல்லிகா, "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது" என்றாள். அதன் பிறகுதான் இருவரும் அழுதோம்.

வலி தீர்ந்தது என்பதற்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் அவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கான பதிலைக் கேட்காமல் போய்விடுவாரோ என்று நாங்கள் பயந்தோம். கேட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் அவர் யார் என்பது அவரை அறியாதவர்களுக்கு விளங்கும்.

தெய்வானை அவர்கள் மாவட்டத் திட்டப் பிரிவில் வரைபட அலுவலராக இருந்தவர். எந்த ஊருக்குப் பள்ளிக்கூடம், எந்த மேட்டில் தண்ணீர்த் தொட்டி, எந்த முனையில் ரேஷன் கடை என்று அதிகாரிகள் முடிவெடுக்கும்போது, அவர்கள் முன்னால் விரிக்கப்படும் படத்தை உருவாக்குவது அவர் வேலை. நான் அதே வளாகத்தில் பதிவறைக் கண்காணிப்பாளர். பழைய கிராம வரைபடங்கள் என் பொறுப்பில் இருந்தன. முதல் சந்திப்பில் ஒரு தாலுகாவின் படங்கள் முழுவதையும் கேட்டு அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தைச் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டே என் மேசைக்கு வந்து, "படம் குடுக்கறதுக்கு முன்னால தமிழ்ப் பரீட்சையும் வெப்பீங்களா மேடம்?" என்று கேட்டார். வைப்பேன் என்றேன். மறுபடி எழுதித் தந்தார். அதிலும் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. ஆனாலும் படங்களைக் கொடுத்துவிட்டேன், ஏனென்றால் அவர் அவற்றைப் பிடித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. மடித்த கோட்டில் விரல் படாமல் பிடித்திருந்தார்.

அப்போது கம்ப்யூட்டர் எங்கள் பக்கம் வரவில்லை. சாலைகளை ஒரு டிரேசிங் தாளிலும், கிணறுகளையும் ஏரிகளையும் இன்னொன்றிலும், வீடுகளை மூன்றாவதிலும் வரைந்து, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவார். வெயில் பின்னாலிருந்து அடிக்கும்போது, வீடுகள் அடர்ந்து சாலை இல்லாத இடம் பளிச்சென்று தெரியும். அங்கேதான் எதையாவது வைக்க வேண்டும். மேகமூட்டமான நாட்களில் எங்கள் மாவட்டத்தில் திட்டமிடுதல் நடக்காது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

தகவல் சேர்க்க அவருக்கென்று ஒரு வழி இருந்தது. யாரிடமும் தூரத்தைக் கேட்க மாட்டார். எங்கள் பக்கத்தில் எவ்வளவு தூரம் என்று கேட்டால், கேட்பவர் மனம் நோகக் கூடாதென்று எல்லாரும் "பக்கந்தானுங்க" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கத்துக்கு நடந்தால் செருப்பு தேய்ந்துவிடும். அதனால் அவர் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் போய், ஓட்டுநர்களிடம் "எங்கீங்க திரும்புவீங்க?" என்று மட்டும் கேட்பார். மழையில் எந்தத் தடம் பாரம் தாங்கும், எந்தப் பாலத்தின்மேல் வண்டி ஏறாது, எந்த இடத்தில் பின்பக்கமாகவே திரும்பி வர வேண்டியிருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும். பால் வண்டிக்காரர்களிடமும் அப்படியே. ஒரு முறை என்னையும் கூட அழைத்துப் போனார். ரிக் ஓட்டுநர் ஒருவர், "ஏனுங்க, போர் போடறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா? இத்தனை வழி கேக்கறீங்க" என்றார். தெய்வானை அவர்கள், "ரெண்டுக்கும் தண்ணி இருக்குதான்னு பாக்கோணுமில்லீங்க" என்றார். அந்த மனிதர் அரை நாள் எங்களோடு உட்கார்ந்து வழி சொன்னார்.

எங்களுக்குள் ஓயாத சண்டை பெயர்களைப் பற்றியது. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் ஊருக்குள் சேர்ந்திருக்காமல் அவரவர் நிலத்தில் வீடு கட்டித் தனித்தனியாக இருப்பவை. அந்த இடங்களுக்குச் சர்க்கார் பதிவில் ஒரு பெயரும் ஜனங்கள் வாயில் ஒரு பெயரும் இருக்கும். பதிவில் 'மேற்குத் தோட்டம்' என்றிருப்பதை அவர் படத்தில் 'மேக்காலத் தோட்டம்' என்று எழுதுவார். நான் அடிப்பேன். "அக்கா, ஆபத்துல போன் பண்றவன் உங்க இலக்கணத்துல பேச மாட்டான்" என்பார். அரசு ஆவணத்தில் கொச்சை கூடாது என்பது என் கட்சி. இன்றும் அதுதான் என் கட்சி. கடைசியில் சமரசமாக, மேலே எழுத்து வழக்கும் கீழே பேச்சு வழக்கும் எழுதினோம். மேல் வரியில் பிழை இருந்தால் என் தலை, கீழ் வரியில் இருந்தால் அவர் தலை என்று ஒப்பந்தம்.

என் கணவர் மறைந்தபோது ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வந்த எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். இவர் ஒரு சுருட்டு வரைபடத்தோடு வந்து கூடத்தில் விரித்தார். "அழுதுட்டே பாருங்க, வேண்டாங்கல. எழுத்துப் பிழை மட்டும் உட்டுறாதீங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் முதல் தாளிலேயே பிழை கண்ணில் பட்டது. பென்சிலை எடுத்துவிட்டேன். அந்த மாதத்தை நான் அப்படித்தான் கடந்தேன்.

இருவரும் ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆன பிறகுதான் பெரிய சோதனை வந்தது. திருச்செங்கோட்டுக்கு மேற்கே புதிதாக ஓர் ஆம்புலன்ஸ் நிறுத்தம் அமைக்க முடிவாகி, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு அவரை ஆலோசகராக அழைத்திருந்தார்கள். பெயர்களைச் சரிபார்க்க என்னையும் இழுத்துப் போனார். வெளியூர் நிறுவனம் ஒன்று கம்ப்யூட்டரில் வரைபடம் தயாரித்திருந்தது. பார்க்க அழகாக இருந்தது. நெடுஞ்சாலைச் சந்திப்பில் வண்டியை நிறுத்துவதே உகந்தது என்று அது காட்டியது. மேற்கே கரட்டுக்காடு, பள்ளக்காடு, ஆனங்காடு என்று நாங்கள் அறிந்த குடியிருப்புகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே பச்சை. நிறுவனத்தின் இளம் பொறியாளர், அது வனப் பகுதி, அங்கே குடியிருப்பு இல்லை என்று விளக்கினார். அதிகாரி கையெழுத்திடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்று பெயர். காட்டுக்குப் போகிறேன் என்றால் களை எடுக்கப் போகிறேன் என்று பொருள். அந்த நிறுவனத்தில் யாரோ ஒருவர், பெயர் 'காடு' என்று முடிகிற இடங்களை எல்லாம் வனம் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டார். அது ஒரு நொடியில் அத்தனை வீடுகளையும் மரமாக்கிவிட்டது.

கூட்டத்துக்குக் கரட்டுக்காட்டிலிருந்து பாவாயி என்ற பெண்மணி வந்திருந்தார். அவருடைய மகளுக்குப் பிரசவ வலி கண்டபோது திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பிய வண்டி வழி தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்க, குழந்தை பால் வண்டியில் பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல். அடுத்த பெண்ணுக்கும் அப்படியே ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

தெய்வானை அவர்கள் எழுந்தார். பொறியாளரைப் பார்த்து, "சாமி, இந்தக் காட்டுல என்னென்ன இருக்குது?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சிறியவர்களை அன்போடு சாமி என்பார்கள் என்று அறியாத இளைஞர் விழித்து, மரங்களும் வன விலங்குகளும் இருக்கலாம் என்றார். இவர் பின்னால் திரும்பி, "பாவாயி, உங்க காட்டுல என்ன இருக்குது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

பாவாயி எழுந்து நின்று, "நெலக்கடலை இருக்குதுங்க, ஆமணக்கு இருக்குதுங்க, ரெண்டு எருமை, அப்பறம் என்ற மாமியா இருக்குதுங்க" என்றார். சற்று யோசித்து, "மாமியாளை வெலங்குல சேக்கறதுன்னா சேத்துக்கங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

கூட்டமே சிரித்தது. அதிகாரி பேனாவை மூடினார். தெய்வானை அவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அந்த இளைஞர் முகம் சிவந்து போயிருந்ததைப் பார்த்துவிட்டு, "அவிய ஊர்ல காடுன்னா காடுதானுங்க, அவரு மேல தப்பில்லை. எங்கூர்ல காடுன்னா சோறு" என்றார். அத்தோடு உட்கார்ந்தார்.

பச்சையை உடனே அழித்துவிடலாம் என்று பொறியாளர் முன்வந்தபோது இவரே தடுத்தார். "எல்லாத்தையும் அழிச்சா ஏற்காட்டுல போயி நெலக்கடலை போடுவீங்களா சாமி?" என்று கேட்டார். சில காடுகள் உண்மையிலேயே காடுகள். ஒவ்வொரு பெயராகத்தான் பார்க்க வேண்டும். அதற்கு அவர் சொன்ன வழி எளியது. வீடு இருந்தால் மின் இணைப்பு இருக்கும், ரேஷன் அட்டை இருக்கும், பள்ளியில் பிள்ளை இருக்கும், பால் ஊற்றுகிற கேன் இருக்கும். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலுவலகத்தில் கிடக்கின்றன, ஒன்றையொன்று பார்த்ததில்லை. அவற்றை ஒரே படத்தில் உட்கார வைத்தால் போதும். அந்த இளைஞர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் தெய்வானை வீட்டுக்கே மடிக்கணினியோடு வந்துவிடுவார். மல்லிகா தோசை சுடுவாள். நான் மேல் வரிகளைத் திருத்துவேன். புதிய படத்தில் மேற்கே வீடுகள் மழைக்குப் பின் முளைப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தோன்றின. எங்கே வண்டி நின்றால் எல்லாக் காட்டுக்கும் நேரத்தோடு போகும் என்பது அதைப் பார்த்தாலே தெரிந்தது. கரட்டுக்காட்டு முக்குதான் அந்த இடம்.

படம் சரியானதும் எல்லாம் முடிந்துவிட்டதென்று நினைத்தோம். ஆனால் அதிகாரி மாற்றலாகிப் போனார். கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது. இதற்கிடையில் தெய்வானை அவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைச்சல் தொடங்கியது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம், உட்காருவதற்கு முன்பே அந்தக் கேள்வி வரும். "வண்டி வந்துருச்சுங்களா அக்கா?"

இல்லை என்பேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு நாள் மல்லிகா என்னை வாசலில் நிறுத்தி, வந்துவிட்டது என்றே சொல்லிவிடும்படி கெஞ்சினாள். "மத்தவிய சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க பெரீம்மா. நிம்மதியாப் போகட்டும்" என்றாள். அவள் சொன்னது அன்பினால்தான். ஆனால் நான் கன்னியாஸ்திரீகளிடம் வளர்ந்தவள். பொய் சொன்னால் என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கும் மேலே, என்னுடைய 'இல்லை' உண்மையாக இருந்ததால்தான் என்னுடைய 'ஆமாம்' அவருக்குப் பயன்படும். இதை மல்லிகாவிடம் சொன்னேன். அவளுக்கு என்மேல் வருத்தம்தான். அந்த வாரங்களில் நானும் வாசலில் நின்றுவிட்டுத்தான் படியேறுவேன். உள்ளே போய் மறுபடி இல்லை என்று சொல்ல வேண்டுமே.

சென்ற மாதம் உத்தரவு வந்துவிட்டது என்று அந்தப் பொறியாளரே அழைத்துச் சொன்னார். உத்தரவு காகிதம்தானே. நான் வாடகைக் காரில் கரட்டுக்காட்டு முக்குக்குப் போய் நேரில் பார்த்தேன். தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் வண்டி நின்றது. திரும்பும் வழியில் நேராகக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போனேன்.

அவர் கேட்டார். "வந்துருச்சு தெய்வானை. கண்ணால பாத்துட்டு வரேன்" என்றேன்.

அவர் உடனே மகிழ்ந்துவிடவில்லை. என் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு, "எந்தப் பக்கம் பாத்து நிக்குதுங்க?" என்று கேட்டார்.

"ரோட்டப் பாத்து."

"அப்ப ரிவர்ஸுல போட்டிருக்கறான்" என்றார். "கூப்புட்டா நேரா வந்துருவான். சரிங்க." பல மாதங்களுக்குப் பிறகு அன்று மல்லிகாவிடம் காபி கேட்டார். அவருக்கு அளந்துதான் தண்ணீர் தர வேண்டும். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கால் தம்ளர் காபியை அவர் வெகுநேரம் வைத்துக் குடித்தார். அதன் பிறகு அந்தக் கேள்வி வரவேயில்லை. வேறு எதைப் பற்றியெல்லாமோ பேசினார், பெரும்பாலும் என் பிடிவாதத்தைப் பற்றி.

அடக்கத்தன்று தெருமுனையில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அவர் பெயர் 'தெய்வாணை' என்று அச்சாகியிருந்தது. பேனாவால் திருத்தினேன். மேல் வரி என் பொறுப்பு.

காரியம் முடிந்த மறுநாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மறுபடி கரட்டுக்காட்டுக்குப் போனேன். போய் இறங்கிப் பார்த்தேன். கொட்டகை காலியாக இருந்தது. எதிர்க் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பாவாயி என்னைப் பார்த்துவிட்டு வரப்பேறி வந்தார். வண்டி எங்கே என்று கேட்டேன். எடுத்துக்கொண்டு போய்விட்டார்களோ என்ற பயம் எனக்கு.

"ஆனங்காட்டுல கூப்புட்டாங்க, போயிருக்குதுங்க" என்றார் பாவாயி. "மொத மணியிலயே கெளம்பிருச்சு. வழிகூடக் கேக்கலீங்க."

கொட்டகையிலிருந்து புறப்பட்ட டயர்த் தடம் ஓர் இடத்திலும் தயங்காமல் சாலையேறி மேற்கே திரும்பியிருந்தது. நான் அந்தக் காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே வண்டி நின்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நிறைவாக இருந்திருக்காது. தெய்வானை, நீங்கள் கேட்ட வண்டி காட்டுக்குப் போயிருக்கிறது. நிம்மதியாக இருங்கள்.