விருந்தாளிக்கு வீடு கிடையாது

ஹெல்சின்கியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்வாசலில் ஒரு கறுப்புப் பலகை இருக்கிறது. எந்த மாடியில் எந்தக் குடும்பம் என்று வெள்ளை எழுத்துகளில் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். நான் குடிவந்த மறுநாள் மூன்றாம் மாடியில், வாயில் நுழையாத இரண்டு பின்லாந்துப் பெயர்களுக்கு நடுவே, ‘முருகையா’ என்று ஒரு பெயர் ஏறியிருந்தது. முருகையா என் அப்பா. பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் நின்றவரை இந்த ஊர்க்காரர்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். தபால்காரர் முதல் பல் வைத்தியர் வரை இங்கே என்னை முருகையா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் அந்தப் பலகை முன்னால் நின்று அழுதேன்.

இடுக்கி மலையில், சின்னக்கானலில் ஆயுசு முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலை பாய்லர் முன்னால் வெந்தவர் அப்பா. அவர் பெயர் எந்த வாசலிலும் எழுதப்பட்டதில்லை. எங்கள் லயத்தில் பத்து வீடுகள், ஒரே ஓட்டுக்கூரை, இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். நாங்கள் ஏழாம் நம்பர். வேலை இருக்கும்வரைதான் வீடு என்பது எஸ்டேட் சட்டம். அப்பா ரிட்டையர் ஆனதும் காலி பண்ணச் சொல்லிக் காகிதம் வந்தது. ப்ளஸ் டூவில் என்னைவிட நிறைய மார்க் வாங்கியிருந்த என் அக்கா செல்வி, கல்லூரி விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். அவள் பெயர் மஸ்டரில், அதாவது காலை ஆஜர் புத்தகத்தில், ஏறிய பிறகு ஏழாம் நம்பர் எங்களிடமே இருந்தது. அந்த வீட்டிலிருந்துதான் நான் படித்தேன், அங்கிருந்துதான் இங்கே வந்தேன். இந்தக் கடனை என் தலையில் யாரும் எழுதி ஒட்டவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

நான் வேலை பார்க்கும் கம்பெனி ஒரு உலகத்தை நடத்துகிறது. கம்ப்யூட்டரில் நுழைந்தால் கடல், மலை, தெரு எல்லாம் இருக்கும். ஊர் பேர் தெரியாத ஆயிரம் பேர் பொம்மை உடம்போடு அங்கே நடமாடுவார்கள். நிலம் எடுப்பார்கள், வீடு கட்டுவார்கள், கல்யாணம்கூடச் செய்வார்கள். இத்தனை காலம் நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே திறந்திருந்த இந்த உலகத்தைப் போனுக்குள் கொண்டுவருவதுதான் எங்கள் குழுவின் வேலை. அவ்வளவு பெரிய உலகம் சின்னப் போனுக்குள் அடங்காது. போன் சூடாகும், திணறும், பொத்தென்று அணைந்துபோகும். அதனால் தூரத்தில் இருப்பதையெல்லாம் மூடுபனி போட்டு மறைத்துவிடுவோம், கிட்டே போகப் போகத்தான் தெரியும். இதை ஒரு பெரிய தந்திரமாக என் மேலாளர் மிக்கோ சொல்லிக்கொடுத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் ஜூன் மாதம் முழுக்க அப்படித்தான் இருக்கும்.

அலுவலகத்தில் பரிசோதனைக்கென்று ஒரு மேஜை நிறையப் போன்கள் உண்டு. எல்லாம் பளபளக்கும் ஜாதி. நான் சண்டை போட்டு, செல்வி வைத்திருக்கும் அதே மலிவுப் போனில் ஒன்றை வாங்கி அந்த மேஜையின் ஓரத்தில் வைத்தேன். செல்வியையும் அவளோடு கொழுந்து பறிக்கும் மூன்று பேரையும் சோதனை ஆட்களாகச் சேர்த்துவிட்டேன். சோதனைக் காலத்தில் போனிலும் வீடு கட்டிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தோம். நான்கு பேருக்கும் தனித்தனியாகப் பெரிய நிலம் இருந்தது. அவர்கள் நிலங்கள் சந்திக்கும் ஓரத்துக்கு வந்து, சுவரோடு சுவர் ஒட்டி, நான்கு வீட்டையும் ஒரே வரிசையில் கட்டினார்கள். எதற்கு இப்படி என்று கேட்டேன். தள்ளித் தள்ளிக் கட்டினால் ராத்திரி ஒன்று என்றால் யாரைக் கூப்பிடுவது என்று செல்வி திருப்பிக் கேட்டாள்.

ஒருநாள் கூட்டத்தில் மிக்கோ முடிவைச் சொன்னான். போன்கள் பாரம் தாங்கவில்லை, அதனால் போன் வழியாக வருகிறவர்கள் ‘விருந்தாளிகள்’. சுற்றிப் பார்க்கலாம், பேசலாம், நிலமும் வீடும் கிடையாது. சான்றாக ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டான். கேரளாவின் ஒரு மலையிலிருந்து நான்கு பேர் தினமும் காலை சரியாக ஐந்து மணிக்கு வருகிறார்கள், அவரவர் வாசலில் ஒரு நிமிஷம் அசையாமல் நிற்கிறார்கள், போய்விடுகிறார்கள். ஒன்று இவர்கள் மனிதர்களே இல்லை, எந்திரங்கள். இல்லையென்றால் வீட்டை வைத்து என்ன செய்வதென்று தெரியாதவர்கள் என்றான். அவன் கெட்டவன் இல்லை. சத்தம் போட்டுப் பேசாத, மழையில் என்னைக் காரில் ஏற்றிக்கொள்கிற நல்ல மனுஷன். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வந்தது.

இங்கே கோடையில் ஐந்து மணி என்றால் ஊரில் ஏழரை. ஏழரை மஸ்டர் நேரம். போனில் நெட் கிடைக்கும் ஒரே இடமும் மஸ்டர் எடுக்கும் அந்த மேடுதான். அன்று சாயங்காலமே செல்வியை அழைத்துக் கேட்டேன்.

“பின்ன, போகாம இருந்தா வீட்ட எடுத்துற மாட்டாகளா?” என்றாள். “ஆளு வந்து மொகத்தக் காட்டுனாத்தான வீடு. நாங்க நாலு பேரும் ஒரு நாளு விடாம போயி நின்னுட்டு வாரோம்டி. போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்பகூட நான் போனேன்.”

அப்படி ஒரு சட்டம் அங்கே இல்லை என்றேன். சட்டம் இல்லாத கம்பெனி ஏது என்று கேட்டாள். பட்டயம் உண்டா என்றும் கேட்டாள். இடுக்கியில் நிலப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பேசியிருக்கிறோம், காகிதத்தைப் பார்த்ததில்லை.

மறுநாள் மிக்கோவிடம் விளக்கினேன். அவர்கள் எந்திரங்கள் இல்லை, ஆஜர் கொடுக்கிறார்கள் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. தினமும் தவறாமல் வருவது போன் விளையாட்டுகளுக்குக் கிடைக்கிற பெரிய பாக்கியமாம். வருகிறவர்களுக்குத் தினமும் ஒரு தங்கக்காசு கொடுக்கலாமே என்றான். ஆசையில் வரவில்லை, துரத்திவிடுவீர்கள் என்ற பயத்தில் வருகிறார்கள் என்றேன். யாரும் துரத்தப்போவதில்லை, விருந்தாளிகளாக என்றைக்கும் இருக்கலாமே, விருந்தாளி என்பது நல்ல சொல்தானே என்று அவன் உண்மையாகவே கேட்டான்.

இந்த நாட்டில் என் விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனால் சில மாதங்களில் வேறு வேலை பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். ஏழாம் நம்பர் சட்டம் விமானம் ஏறி என் கூடவே வந்திருக்கிறது. அதனால் இங்கே வந்த மூன்று வருஷமும் கூட்டங்களில் தலையாட்டியே பழகியிருந்தேன். அன்று ஆட்டவில்லை.

“விருந்தாளி என்றால் ஒரு நேரத்துக்கு எழுந்து போக வேண்டியவர்” என்றேன். “நாங்கள் நான்கு தலைமுறையாக அப்படித்தான் இருக்கிறோம். நீங்கள் கட்டுகிற உலகத்திலும் அதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

சொன்னது அதிகம்தான், ஆனால் பொய் இல்லை. கேரளாவில் எங்களைத் தமிழர் என்பார்கள். மாமா வீட்டுக் கல்யாணத்துக்குத் தேனிக்குப் போனால், மலையாளத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று பந்தியில் இலை போடுவார்கள். இரண்டு பக்கமும் நன்றாகத்தான் உபசரித்தார்கள். உபசரித்து முடித்ததும், எப்போது கிளம்புகிறீர்கள் என்றும் கேட்டார்கள். ஏன், போன் வழியாக வருகிற இவர்களும் கிளம்பித்தான் தீர வேண்டுமா?

  நீ சொல்வது நியாயமாக இருக்கலாம், ஆனால் போன் தாங்காதே என்றான் மிக்கோ. அப்படியானால் தாங்க வைக்கிறேன், இரண்டு வாரம் கொடு என்றேன்.

வழி எனக்கு முன்பே தெரிந்திருந்தது, நான்தான் அதில் பிறந்து வளர்ந்தேனே. தனித்தனி வீடாக வரைந்தால்தான் போன் திணறும். ஒரே அச்சில் பத்து வீடு, நடுவில் பொதுச்சுவர், மேலே ஒரே கூரை என்றால் ஒரு வீட்டை மட்டும் வரைந்து பத்து முறை காட்டிக்கொள்ளலாம். வெள்ளைக்காரன் காசை மிச்சம் பிடிக்கக் கண்டுபிடித்த லயம், போனில் இடத்தை மிச்சம் பிடிக்கவும் உதவியது. திரும்பவும் லயத்தையா கட்டுகிறோம் என்று கை கூசத்தான் செய்தது. ஆனால் இரண்டு விஷயத்தை மாற்றினேன். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெயர்ப்பலகை வைத்தேன். வருகிறார்களோ இல்லையோ, எத்தனை வருஷமானாலும் வீடு அவர்களுடையதே என்று ஒரு விதியை நானே எழுதினேன். மேஜை ஓரத்து மலிவுப் போனில் பத்து வீடும் திணறாமல் எழுந்து நின்றபோது மிக்கோ குனிந்து பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தான். பிறகு, விருந்தாளி என்ற சொல்லை எடுத்துவிடலாம் என்றான்.

செல்வியிடம் சொன்னேன். இனி ஆஜர் வேண்டாம், வீட்டை யாரும் எடுக்க முடியாது, விதியை எழுதியதே நான்தான் என்றேன். 

“அப்ப நாளையிலருந்து நாங்க நாலு பேரும் போகல. ஒரு வாரம். என்ன செய்யுதாகன்னு பாத்துருவோம்” என்றாள்.

சொன்னபடியே போகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றாம் நாள் காலை நாலே முக்காலுக்கு விழிப்பு வந்தது. ஜன்னலில் அதற்குள் நல்ல வெயில். போனை எடுத்து உள்ளே போனேன். பனிக்குள் அந்த வரிசை நின்றது, வாசலில் ஒருத்தரும் இல்லை. விதி என்னுடையது, ஒரு எழுத்து பிசகாது என்று தெரியும். ஆனாலும் ‘செல்வி முருகையா’ என்ற பலகைக்குக் கீழே என் பொம்மையைக் கொண்டுபோய் ஒரு நிமிஷம் நிறுத்தினேன். மறுநாளும் நின்றேன், அதற்கடுத்த நாளும்.

ஏழு நாள் கழித்து, வீடு இருக்கிறதா என்று பார்க்க செல்வி வந்தபோது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். திரையில் அவள் எழுத்து வந்தது. “நீ எதுக்குடி இங்க நிக்க? போயி ஒன் வேலயப் பாரு. வீடு எங்கயும் போகல.”

வேலைக்குக் கிளம்பினேன். படியிறங்கிக் கீழ்வாசலுக்கு வந்ததும், மூன்றாம் மாடி வரிசையில் முருகையா இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்கினேன். அந்தப் பலகையை அப்படி நான் தினமும்தான் பார்க்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.